ஆட்டையில் சேர்த்தி

ஜனவரி 8, திங்கள்

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம். டாக்டர் பெஞ்சமின் சொல்கிறார். கடைவாய்ப் பல்லில் விரிசல் விழுந்துவிட்டது, மனதில் இருப்பதை எங்கேயாவது கொட்டுங்கள், இல்லையென்றால் விரிசல் வேர்வரைக்கும் போகும் என்கிறார். பல்லைப் பிடுங்கத் தெரிந்தவருக்கு மனதைப் பிடுங்கும் வேலை எதற்கு? ஆனாலும் வரும் வழியில் டைரி வாங்கிவிட்டேன். கொட்டுவதற்கு என்னிடமா சரக்கு இல்லை?

வேறு யார் கையிலாவது இது கிடைத்தால் தெரிந்துகொள்ளட்டும். நான் மங்கையர்க்கரசி. மதுரையில் உட்கார்ந்துகொண்டு செல்போன் விளையாட்டுகள் செய்கிறவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எண்பதடி ரோட்டில், சோபாக் கடை மாடியில், ‘வெயில்’ ஸ்டூடியோவை ஆரம்பித்தேன். மதுரையில் போய் யாராவது வீடியோ கேம் கம்பெனி வைப்பார்களா என்று சிரித்தார்கள். டவுன் பஸ் கண்டக்டராக ஆடும் ‘ரைட் போலாம்’ வெளிவந்ததும், சிரித்தவர்களே தங்கள் பிள்ளைகளுக்கு வேலை கேட்டு வந்தார்கள். அடுத்து ‘கோட்டை வாசல்’ வந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெளியீட்டுக்கு முந்தின நாள் எதிரிகளின் வேகத்தை ஒன்றரை மடங்காக ஏற்றினேன். ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான்.

போன மாதம் வெயிலைப் பெங்களூர்க் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. அதுவரை முதலாளி, இப்போது ‘தலைமைப் படைப்பாளர்’. பட்டம் நீளமாக இருந்தாலே பாதி பொய் என்று அர்த்தம்.

ஜனவரி 10, புதன்

பெங்களூரிலிருந்து பிரணவ் ஷெட்டி வந்திருந்தான். புதுக் கம்பெனியில் எங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவன். வாழ்க்கையில் ஒரு ஆட்டம்கூடச் செய்ததில்லை; ஆட்டம் செய்கிறவர்களை எப்படி நடத்துவது என்று மட்டும் திரையில் படம் போட்டுக் காட்டினான். பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது அவனும் சிராஜும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று பேச்சு மாறியது.

சிராஜுதீன் என்னிடம் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தவன். ‘ரைட் போலாம்’ முழுவதையும் நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் எழுதியவன் அவன்தான். இப்போது பெங்களூர்க்காரர்கள் அவனை ஸ்டூடியோவுக்கு மேனேஜர் ஆக்கியிருக்கிறார்கள். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான், யாருக்கும் பிடிகொடுக்கவும் மாட்டான். கழுவுற மீனில் நழுவுற மீன். என்னை மட்டும் இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். அந்த அக்காவைக் கேட்டாலே எனக்கு எரிகிறது.

ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். ‘நாலு தெரு’ என் ஆட்டம். சித்திரை முதல் தேதி வெளிவருகிறது. கம்பெனி போகட்டும், முதலாளி நாற்காலி போகட்டும். இந்த ஆட்டத்தில் என் கை இருக்கிற வரைக்கும்தான் நான் அந்த மாடிப்படி ஏறுவதற்கு அர்த்தம்.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் லீவு முடிந்து போனால் என் மேசையில் புதுப் போன், புதுத் திரை. ஆட்டத்தில் யார் எவ்வளவு வேகம் ஓடலாம், எந்தச் சுவர் எவ்வளவு உயரம், நாய் எப்போது துரத்தும் எல்லாவற்றையும் இனி நானே என் நாற்காலியில் இருந்தபடி கூட்டலாம், குறைக்கலாம். மறுநாள் காலையில் அது இந்தப் போனில் வந்துவிடும். சிராஜே ஏற்பாடு செய்திருக்கிறான். வேறு போனில் பார்க்க வேண்டாம், நிறம் சரியாக வராது என்றான்.

கடைசியில் அவனுக்கும் புத்தி வந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு எண்ணை மாற்ற நாலு பேரிடம் காரணம் சொல்ல வேண்டும்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் மறுபடியும் ஓடவில்லை. எலக்ட்ரீசியன் நாளைக்கு வருகிறேன் என்கிறார். அவருடைய நாளைக்கு எந்தக் காலண்டரிலும் கிடையாது.

பிப்ரவரி 6, செவ்வாய்

இப்போதெல்லாம் சொன்னால் செய்கிறார்கள். நித்திலா என்று ஒரு டிசைனர் பெண், போன வருடம் சேர்ந்தவள். சேர்ந்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் “ஏன் மேடம்?” என்பாள். நாய்க்கு ஏன் இவ்வளவு வேகம், சுவருக்கு ஏன் இவ்வளவு உயரம். ஒருநாள் எல்லோர் முன்னாலும், ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். இன்று நாயின் வேகத்தை இரண்டு மடங்காக்கச் சொன்னேன். “சரி மேடம்” என்று குறித்துக்கொண்டாள். அதட்டினால்தான் வேலை நடக்கும் என்பது என் அனுபவம்.

பத்து மணிக்கு என் மீட்டிங் முடிந்ததும், பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு மீட்டிங் போடுகிறார்கள். என்ன என்று கேட்டேன். டாக்குமென்டேஷன் என்றார்கள். பெங்களூர்க்காரனுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அந்தக் குமாஸ்தா வேலைக்கு என்னைக் கூப்பிடாத வரைக்கும் சந்தோஷம்.

பிப்ரவரி 15, வியாழன்

இன்று பிரணவோடு வீடியோவில் சண்டை.

‘நாலு தெரு’ கல்லா மண்ணா மாதிரியான ஆட்டம். ஒருவன் துரத்துவான், மற்றவர்கள் ஓடுவார்கள், கல்மேல் ஏறிவிட்டால் தொடக்கூடாது. இதில் ஒரு குட்டிப் பையனை வைத்திருந்தேன். தெருவில் விளையாடும்போது எல்லோரையும்விடச் சின்னதாக ஒன்று வந்து என்னையும் சேர்த்துக்கோ என்று அழும் அல்லவா, அதை ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வோம். அதைத் தொட்டால் கணக்கில்லை. அது நம்மைத் தொட்டாலும் கணக்கில்லை. ஆனால் தொட்டதும் பிடிபட்டதுபோல் விழுந்து நடிக்க வேண்டும். நடிக்காமல் ஓடினால் அழும், அழுதால் யார் வீட்டிலிருந்தாவது பெரியவர்கள் வந்து ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதை அப்படியே ஆட்டத்தின் விதியாக எழுதினேன். கடைசி வரியில், ‘ஒப்புக்கு ஆடுகிறோம் என்று அவனுக்குத் தெரியக்கூடாது’ என்று அடிக்கோடு போட்டேன்.

சப்பாணி என்ற சொல் நடக்க முடியாதவர்களைக் குறிக்கிறது, மனம் புண்படும், பெயரை மாற்று என்கிறான் பிரணவ். சிராஜ் நடுவில் புகுந்து, “உப்புக்குச் சப்பாணிங்கிறத சுருக்கி உப்புன்னு வச்சிரலாம்க்கா” என்றான். உப்பு இல்லை, ஒப்பு என்று திருத்தினேன். சரி, ஒப்பு என்றே வைப்போம் என்றான். ஆளுக்கு ஆள் என் பிள்ளைக்குப் பெயர் வைக்க வந்துவிட்டார்கள். பெயரை மாற்றுவதென்றால் ஆளே வேண்டாம், அவனைத் தூக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு போனைக் கவிழ்த்தேன்.

நித்திலாவின் முகம் சுண்டிப்போனது. அவளுக்கு அந்தக் குட்டிப் பயல்மேல் உயிர். அவளுக்காகவே தூக்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிப்ரவரி 16, வெள்ளி

காலையில் என் போனில் சப்பாணி இல்லை. சொன்ன சொல்லுக்கு இவ்வளவு மரியாதை ‘ரைட் போலாம்’ காலத்தில்கூடக் கிடைத்ததில்லை.

மார்ச் 5, செவ்வாய்

பல்லுக்கு ரூட் கெனால். உரலுக்குள் தலையை விட்டபின் உலக்கைக்கு அஞ்சினால் ஆகுமா என்று வாயைத் திறந்து படுத்தேன். டாக்டர் வேலை முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தார், நான் பதில் சொல்ல முடியாது என்ற தைரியத்தில்.

மார்ச் 14, வியாழன்

ஒரு பத்திரிகைக்காரப் பெண் போனில் பேட்டி எடுத்தாள். ‘நாலு தெரு’வின் பழைய முன்னோட்டத்தைப் பார்த்தாளாம். அந்தச் சின்னப் பையன் யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். செல்லூரில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று என்று சொன்னேன். பெயர் கேட்டாள். மறந்துவிட்டது என்றேன்.

இல்லாத பையனைப் பற்றி எதற்கு இத்தனை கேள்வி?

ஏப்ரல் 3, புதன்

வெளியீட்டுக்கு நாள் நெருங்குகிறது, ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. நான் சுவர்களை உயர்த்தினேன், கல்மேல் நிற்கும் நேரத்தைப் பாதியாக்கினேன், துரத்துகிறவனுக்கு இரண்டாவது உயிர் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் சரி மேடம், நல்லா இருக்கு மேடம். ‘கோட்டை வாசல்’ சமயத்தில் இதே சிராஜ் என் மேசைக்கு முன்னால் நின்று வேண்டாம்க்கா என்று கெஞ்சினான். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது, அல்லது அக்கறை போய்விட்டது. இரண்டில் எதுவானாலும் எனக்குக் கவலையில்லை.

எலக்ட்ரீசியன் வந்தார். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறதாம்; சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் வயர் போய்விட்டதாம். இத்தனை நாளும் நான் வெறும் சுவிட்சைத்தான் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு டீ கொடுக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. ‘நாலு தெரு’ வெளிவந்துவிட்டது.

வெளிவந்த ஆட்டத்தை நான் ஆடுவதில்லை. விமர்சனமும் படிப்பதில்லை. ‘கோட்டை வாசல்’ விமர்சனங்களைப் படித்த பிறகு எடுத்த முடிவு. பெற்றுப் போட்டாகிவிட்டது, இனி ஊர்க் கண் பட்டால் என்ன, படாவிட்டால் என்ன.

ஏப்ரல் 19, வெள்ளி

ஆட்டம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறதாம். பிரணவ் கேக் அனுப்பியிருந்தான். வெட்டும்போது எல்லோரும் கைதட்டினார்கள், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. பொறாமையாக இருக்கும். நாயை இரண்டு மடங்கு வேகமாக்கியபோது உள்ளுக்குள் திட்டியவர்கள்தானே.

சிராஜ் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, “உங்க ஆட்டம்தான்க்கா” என்றான். இதைச் சொல்ல அவன் யார்?

ஏப்ரல் 24, புதன்

நிதானமாக எழுதுகிறேன்.

பல் மறுபடி வலி எடுத்ததால் பெஞ்சமினிடம் போனேன். முன்னால் உட்கார்ந்திருக்கும் ரோசலின் போனில் மூழ்கியிருந்தாள். டோக்கன் கேட்டேன். நிமிரவில்லை. “ஒரு நிமிசம் மேடம், ஒப்பு அழுதுருவான்” என்றாள்.

எட்டிப் பார்த்தேன். என் நாலு தெரு. அதில் அந்தக் குட்டிப் பயல், டவுசரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான். அவள் ஆடும் பெண்ணைத் தொட்டான். அவள் திரையை அழுத்தியதும் அந்தப் பெண் தலைசுற்றி விழுந்தது. பயல் கைகொட்டிச் சிரித்தான். ரோசலினும் சிரித்தாள்.

இந்த ஆட்டத்தில் அந்தப் பையன் கிடையாது என்றேன். இருக்கானே மேடம் என்றாள். கிடையாது, நான்தான் அவனை எடுத்தேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோசலின் என்னைப் பயத்தோடு பார்த்தாள். பல் வலியில் புத்தி பேதலித்தவள் என்று நினைத்திருப்பாள். பிறகு சமாதானமாக, “இவனுக்காகத்தான் மேடம் எல்லாரும் ஆடுறாங்க” என்றாள்.

அவள் கையிலிருந்து போனை வாங்கி ஆடினேன். நாய் இரண்டு மடங்கு ஓடவில்லை. சுவர் உயரமாக இல்லை. கல்மேல் வேண்டிய மட்டும் நிற்க முடிந்தது. நான் ஜனவரியிலிருந்து மாற்றிய ஒன்றுகூட அதில் இல்லை.

டாக்டரைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 25, வியாழன்

கத்தவில்லை. சோதித்தேன்.

பத்து மணி மீட்டிங்கில், அடுத்த மாற்றத்தில் நாய் பின்பக்கமாக ஓட வேண்டும் என்றேன். வாலை முன்னால் நீட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் வைத்துக்கொண்டு, எல்லோரையும் துரத்த வேண்டும். ஓவியப் பிரிவுப் பையன் ஒருவன், “வித்தியாசமா இருக்கும் மேடம்” என்றான். அவன் விழுந்த பிறகு எல்லோரும் வரிசையாக விழுந்தார்கள். புதுசா இருக்கும் மேடம். யாரும் பண்ணதில்ல மேடம். நித்திலா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். அப்புறம் அவளும் குறித்துக்கொண்டாள்.

ஒருத்தராவது சிரித்திருக்கலாம். ஒருத்தராவது லூசா நீ என்று கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 26, வெள்ளி

காலையில் என் போனில் நாய் பின்பக்கமாக ஓடியது. மிகவும் நன்றாகச் செய்திருந்தார்கள். எனக்காக ஒருத்தன் உட்கார்ந்து இந்தக் கண்றாவியை அக்கறையாகச் செய்திருக்கிறான்.

சிராஜின் அறைக்குப் போய் போனை அவன் முன்னால் வைத்தேன். பார்த்தான். பிறகு கதவைச் சாத்தினான்.

எப்போதிருந்து என்று கேட்டேன். பொங்கலுக்குப் பிறகு என்றான். யார் யோசனை, பிரணவா என்றேன்.

“இல்லக்கா. என்னோடதுதான். அவய்ங்க உங்கள வேணாம்னாய்ங்க. ‘கோட்டை வாசல்’ மாதிரி இதயும் கடைசில கெடுத்துருவாங்கன்னாய்ங்க. அக்கா இல்லாட்டி நானும் இல்லைன்னேன். அப்ப ஆட்டத்துல அவங்க கை படக்கூடாதுன்னாய்ங்க. எனக்கு வேற வழி தெரியல.”

என் திரைக்கும் வெளிவந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாதாம். பன்னிரண்டு மணி மீட்டிங்தான் உண்மையான மீட்டிங்காம். அதில் என் பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு நித்திலா ஒவ்வொரு நாளும் சண்டை போட்டாளாம், மேடம் முதலில் எழுதினபடிதான் வர வேண்டும் என்று.

“என்னயச் சப்பாணி ஆக்கிட்ட” என்றேன்.

“உப்புக்குச் சப்பாணின்னு யாரும் நெனக்கலக்கா.”

ஒப்புக்கு என்று அப்போதும் திருத்தினேன். என் நாக்கை அறுக்க வேண்டும்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “நீங்க எழுதின ரூல்தானக்கா. ஆட்டைல சேத்துக்கணும். அவுங்களுக்குத் தெரியக்கூடாது.”

அவனை அறைந்திருக்க வேண்டும். நான் ஆட்டைக்கு வரலை என்று சொன்னேன். இந்த வயதில், அந்தச் சொல்தான் வாயில் வந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். மாடிப்படியில் இறங்கும்போது பின்னால் ஒரு நாற்காலிகூட நகரும் சத்தம் கேட்கவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. விரிசல் வேர்வரைக்கும் போய்விட்டதாம். டைரி எழுதியும் போயிருக்கிறதே என்று கேட்டேன். எழுதினால் மட்டும் போதுமா, உண்மையை எழுத வேண்டும் என்கிறார். இவருக்கு வாய் அதிகம்.

மே 3, வெள்ளி

என் சொந்தப் போனில் ‘நாலு தெரு’வை இறக்கி ஆடினேன். குளிக்கவில்லை, சமைக்கவில்லை. பக்கத்தில் ஆபீஸ் போனை வைத்துக்கொண்டு நான் மாற்றிய ஆட்டத்தையும் ஆடினேன்.

அவர்களுடையது நன்றாக இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது. ஒப்பு வந்து தொடும்போதெல்லாம் விழுந்தேன். ஒருமுறை வேண்டுமென்றே விழாமல் ஓடினேன். அழுதான். நாலு தெருவிலும் ஜன்னல்கள் திறந்தன, ஆட்டம் நின்றுவிட்டது. நான் எழுதினபடியே, ஒரு வரி மாறாமல்.

என்னுடையதைப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆட முடியவில்லை. ‘கோட்டை வாசல்’ மாதிரி இருந்தது.

மே 10, வெள்ளி

சிராஜ் வீட்டுக்கு வந்தான். உள்ளே கூப்பிடவில்லை. வெயிலில் நின்றுகொண்டே பேசினான். ஒப்பு எப்போது பெரியவனாவான் என்று ஆடுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்களாம். பெங்களூர்க்காரர்கள் அடுத்த மாற்றத்தில் அதைக் கொண்டுவரச் சொல்கிறார்களாம். நிறையப் பேரைத் தொட்டுவிட்டால் அவன் நிஜ ஆட்டக்காரன் ஆகிவிடுவான் என்று நித்திலா எழுதியிருக்கிறாளாம்.

அது தப்பு என்றேன்.

“அப்ப எதுதான்க்கா சரி?” என்றான். முகம் மலர்ந்து போனது அவனுக்கு. அதைப் பார்க்கப் பிடிக்காமல் கதவைச் சாத்தினேன்.

போய்விட்டானா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனான். தண்ணீராவது கொடுத்திருக்கலாம். கொடுக்கத் தோன்றவில்லை.

மே 12, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் குழந்தை யாரும் கிடையாது. செல்லூரில் எங்கள் தெருவிலேயே சின்னவள் நான்தான். நான் தொட்டதும் பெரிய பெரிய பையன்களெல்லாம் ஐயோ அம்மா என்று விழுவார்கள். உலகத்திலேயே நான்தான் வேகமானவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விழுந்தவன் ஒருத்தன் எழுந்து இன்னொருத்தனைப் பார்த்துக் கண்ணடித்தான். பார்த்துவிட்டேன்.

அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. என்னையும் அவுட் ஆக்குங்கடா, இல்லாட்டி நான் ஆட்டைக்கு வரலை என்று தெரு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்த இடத்திலேயே ஒருத்தன் வந்து முதுகில் அடித்து அவுட் என்றான். வலித்தது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் போனேன். மறுநாளும் முதல் ஆளாக அவுட்.

தொட்டால் யாரும் பெரியவளாவதில்லை. பிடிபட்டால்தான். இதைச் சின்னப் பெண் நித்திலாவுக்கு யார் சொல்வது?

மே 20, திங்கள்

ஆபீஸ் போனேன். ஆபீஸ் போனைச் சிராஜ் மேசையில் வைத்தேன். என் திரையைக் கழற்றச் சொன்னேன். இனி மற்றவர்கள் மாதிரி என் மாற்றங்களும் பன்னிரண்டு மணி மீட்டிங்குக்குப் போகட்டும், நித்திலா பார்த்துச் சரி என்றால் சரி, இல்லையென்றால் இல்லை என்றேன்.

“அவ முடியாதுன்னுருவாக்கா” என்றான்.

“சொல்லட்டும்.”

பிரணவிடம் என்ன சொல்வது என்று கேட்டான். அது அவன் தலைவலி என்றேன். சிராஜை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை, இதையும் அவனிடம் சொன்னேன். தலையை ஆட்டினான். ஒப்பு எப்போது நிஜ ஆட்டக்காரன் ஆவான் என்பதை ஒரு தாளில் எழுதி நித்திலா மேசையில் வைத்துவிட்டு வந்தேன். படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

மே 21, செவ்வாய்

நாயின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லி ஒரு மாற்றம் அனுப்பினேன். இரண்டு மடங்கெல்லாம் இல்லை, கொஞ்சம்தான். காரணமும் எழுதினேன். மீட்டிங் முடிந்ததும் நித்திலா என் மேசைக்கு வந்து நின்றாள். கையில் பேனாவை மூடியும் திறந்தும் நின்றாள்.

“இது வேணாம்க்கா. சின்னப் பிள்ளைங்களால ஓடித் தப்பிக்க முடியாது. ஆட்டம் கெட்டுரும்.”

மேடம் போய் அக்கா வந்துவிட்டது. உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் பல்பம் தின்றுகொண்டிருந்தபோது நான் ஆட்டம் செய்து விற்றவள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் கண் கலங்கியது, ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. யாரும் எழுந்து வந்து எனக்காகப் பேசவில்லை, நல்லா இருக்கு மேடம் என்று ஒரு குரல்கூட வரவில்லை. சிராஜ் அவன் அறையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டான்.

“வேணாம்க்கா” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

திமிர் பிடித்தவள். இந்த வருடத்தில் என்னிடம் முடியாது என்று சொன்ன முதல் ஆள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பல் இருந்த இடத்துக்கே நாக்கு போய்க்கொண்டிருக்கிறது. நாளைக்கு இன்னொன்று அனுப்புவேன்.